பழைய பூனை சீறுகிறது, புதுக் குட்டி பயப்படுகிறது: கேள்வி பதில்

பினாங்கு ஜெலுத்தோங்கில் 12 வருடமாகத் தெருக்குட்டிகளை எடுத்து, உடம்பு தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். என் வீட்டு மூத்தவள் 9 வயது வரிப்பூனை. இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அவள் முகத்தைப் பார்த்துக் கற்றதுதான். மருந்து, ஊசி விஷயத்தில் மட்டும் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு. மழை தொடங்கிவிட்டதால் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) கிடைக்கும் குட்டிகளும் அதிகம், கேள்விகளும் அதிகம். வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

செந்தூலில் இருந்து ஒரு தம்பி: அக்கா, நேற்று மழையில் லோங்காங்கில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். உள்ளங்கை அளவுதான். வீட்டில் 5 வயதுப் பெண் பூனை இருக்கிறது, பார்த்ததுமே சீறியது. இரண்டையும் ஒரே அறையில் விட்டால் தானாகப் பழகிவிடுமா?

விடாதீர்கள் தம்பி. இரண்டு வாரத்துக்குத் தனி அறை, கதவு மூடியே இருக்கட்டும். சீறுவதற்காக இதைச் சொல்லவில்லை, நோய்க்காகச் சொல்கிறேன். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் நுழைந்து சில நாள் ஒன்றும் காட்டாது. குட்டி துள்ளி விளையாடும், நன்றாகச் சாப்பிடும். அப்புறம் ஒரே நாளில் வாந்தி, பேதி, சோர்வு. எனக்கும் ஒரு தீபாவளி சமயத்தில் அப்படி நடந்தது. புக்கிட் மெர்தாஜாமில் எடுத்த குட்டி, ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாளே மற்ற இரண்டு குட்டிகளோடு விளையாட விட்டேன். இரண்டு வாரத்துக்குள் மூன்றும் போய்விட்டன. தடுப்பூசி போட்டிருந்ததால் மூத்தவள் தப்பினாள். அவசரப்பட்டது நான், உயிரை விட்டது அந்தப் பிஞ்சுகள்.

அதனால் முதலில் உங்கள் பெரிய பூனையின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், தவறியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். குட்டியையும் இந்த வாரமே காட்டுங்கள். குடற்புழு மருந்தோடு பூனை லுக்கேமியா, பூனை எய்ட்ஸ் பரிசோதனையும் எப்போது செய்வது என்று கேளுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும், 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போகும். வயது தெரியாவிட்டால் எடை பாருங்கள்: மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. குட்டியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டு மற்றதைத் தொடுங்கள். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் இந்த வைரஸைக் கொல்லாது. தரைக்கு ஒரு பங்கு குளோரோக்ஸ் (பிளீச்), 32 பங்கு தண்ணீர். பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, காய்ந்த பிறகே குட்டியை விட வேண்டும். டெட்டால் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு.

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் இருந்து: எங்களுக்குத் தனி அறையே இல்லை. பாத்ரூமில் வைக்கலாமா?

நம் ஊர் பாத்ரூம் எப்போதும் ஈரம். குந்தும் கழிப்பறையாக இருந்தால் சின்னக் குட்டி உள்ளே விழுந்துவிடும். மூன்றடிக் கூண்டு ஒன்று வாங்கி, வீட்டின் அமைதியான மூலையில் வைத்து, மூன்று பக்கமும் பழைய கைலியால் மூடுங்கள். பெரிய பூனை மூக்கை வைக்க முடியாத தூரம் இருக்க வேண்டும். கதவு மூடிய அறைக்கு இது ஈடாகாது. அதனால் கை கழுவுவதிலும் தடுப்பூசியிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பாயான் பாருவில் இருந்து ஓர் அண்ணன்: இரண்டு வாரம் முடிந்தது, டாக்டரும் சரி என்றுவிட்டார். இனி எப்படிச் சேர்ப்பது?

அண்ணே, பூனைக்கு வீடு, உறவு எல்லாமே வாசனைதான். முகம் பார்ப்பது கடைசி. ஒரு சின்னத் துண்டால் குட்டியின் கன்னத்தை மெல்லத் தடவி, அதைப் பெரிய பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். இன்னொரு துண்டால் பெரியதைத் தடவிக் குட்டியின் படுக்கையில் வையுங்கள். துண்டைப் பார்த்துச் சீறினால் தள்ளி வையுங்கள், நாளாக ஆக நெருங்கட்டும். அப்புறம் மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். மத்தி மீன் வாசம் வந்தால் எதிர்ப்பக்கத்து வாசமும் நல்லதாகத் தோன்றும். இரண்டும் கதவை ஒட்டி நிம்மதியாகச் சாப்பிடும்போதுதான் அடுத்த படி. நடுவில் ஒரு மணி நேரம் இடம் மாற்றுங்கள்: பெரியது குட்டியின் அறைக்குள், குட்டி ஹாலில். ஒன்றையொன்று பார்க்காமலே ஒன்றின் இடத்தை மற்றது முகரட்டும்.

பார்க்க விடும்போது பலரும் வீட்டுக் கிரில்லை நம்புகிறார்கள். கிரில் கம்பி இடைவெளியில் குட்டி சுலபமாக நுழைந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் வலை வாங்கி, கேபிள் டையால் கீழ்ப்பாதியைக் கட்டுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுங்கள், சண்டை வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த படி வலையில்லாமல் ஒரே அறையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குட்டியை முன்கூட்டியே விளையாடவிட்டுக் களைப்பாக்குங்கள், இல்லாவிட்டால் பாய்ந்து போய்ப் பெரியதன் வாலைப் பிடிக்கும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். சிலதுக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூன்று மாதம். அதை முடிவு செய்வது மூத்த பூனை. அது ஒப்புக்கொள்ளாமல் நீங்கள் ஒரு படி ஏறினால் இரண்டு படி இறங்க வேண்டியிருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து: பெரிய பூனை குட்டியைக் கையால் அடிக்கிறது. அதட்டலாமா?

வேண்டாம் மா. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தலையில் ஒரு தட்டு, ஒரு சீற்றம், பிறகு விலகிப் போவது என்றால் அது பாடம் சொல்லிக்கொடுக்கிறது. காதை மடக்கி, கண் இமைக்காமல் முறைத்து, உறுமிக்கொண்டே துரத்தினால்தான் சண்டை. அப்போது நடுவில் ஒரு தலையணையையோ அட்டையையோ நுழையுங்கள், கையை விடாதீர்கள். சீறியதற்குத் திட்டு வாங்கினால், குட்டி வந்தால் திட்டும் வரும் என்றுதான் மூத்தது நினைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பெரியதைக் கூப்பிடுங்கள், முதல் தட்டும் அதற்கே. உயரத்தில் அலமாரி மேல் குட்டி ஏற முடியாத ஓர் இடம் அதற்கு வேண்டும்.

பட்டர்வொர்த்தில் இருந்து: குட்டி வந்ததிலிருந்து எங்கள் ஆண் பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கோபமா?

இன்றே டாக்டரிடம் போங்கள். பெரிய பூனை ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலே கவனிக்க வேண்டும், ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். பருமனான பூனை என்றால் இன்னும் ஆபத்து. இன்னொன்றும் பாருங்கள்: மண்தட்டில் (பூனையின் கழிப்பறைத் தட்டில்) உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் இருக்கிறதா? மன அழுத்தத்தில் ஆண் பூனைக்கு நீர்ப்பாதை அடைபட்டுப் போகலாம். அது சில மணி நேர விஷயம், காலை வரை காத்திருக்கக் கூடாது.

ஈப்போ ரோட்டில் இருந்து: குட்டி உடம்பு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. பாட்டி யூக்கலிப்டஸ் தைலம் தடவச் சொல்கிறார். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தும் இருக்கிறது.

இரண்டும் வேண்டவே வேண்டாம். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையை வலிப்பு வரவைத்துக் கொல்லும். தைலத்தைக் குட்டி நக்கும், அதுவும் விஷம். பாட்டியின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, பேன் சீப்பால் வாரி, விழும் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மருந்து எடைக்கு ஏற்றபடி டாக்டர் தர வேண்டும். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் ஒட்டும், பெரிய பூனைக்கும் ஒட்டும்.

ஒருவர்: மாமாக் கடைப் பால், கண்டென்ஸ்டு மில்க்?

இல்லை. குட்டிகளுக்கான பால்மாவு மட்டும்.

பத்து மலையில் இருந்து: மண்தட்டு ஒன்று போதாதா?

பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, வெவ்வேறு இடத்தில். ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான்.

ஆயர் ஈத்தாமில் இருந்து ஓர் அம்மா: எங்கள் பூனைக்கு 14 வயது, சிறுநீரகக் கோளாறு. மகள் குட்டி வேண்டும் என்று அழுகிறாள்.

மனம் நோக வேண்டாம் மா, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வலியோடு இருக்கும் கிழப் பூனைக்கு இரவு முழுக்கத் துள்ளும் குட்டி பெரும் சுமை. ஒரு தெருக்குட்டியை, அதற்கு நல்ல வீடு கிடைக்கும் வரை மட்டும் உங்கள் அறையில் வைத்து வளருங்கள், மகள் ஆசை தீரக் கொஞ்சட்டும். வேறு வழியே இல்லாமல் வைத்துக்கொள்வதானால், ஒன்றுக்கு இரண்டு குட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு, கிழத்தை விட்டுவிடும்.

கிள்ளான் பக்கமிருந்து: அடுத்த வாரம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. அதற்குள் பழக்கிவிட முடியுமா?

முயலவே வேண்டாம். விருந்தினர், வெடி, திறந்தே கிடக்கும் வாசல், இது பூனைகளுக்குக் கெட்ட வாரம். இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி, கதவில் ‘திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வெடிச் சத்தம் ஓய்ந்து பெரியது வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கியதும், துண்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.