வட்டியை ஏற்றினால் எண்ணெய் விலை இறங்குமா?

அன்புள்ள ஐயா,

பணவீக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள். போரால் எண்ணெய் விலை ஏறும்போது மத்திய வங்கி வட்டியை ஏற்றி என்ன பயன்? வட்டியால் எண்ணெய்க் கிணறு ஊறுமா? அப்புறம், விலை ஏறவே கூடாது என்றில்லாமல் 2 சதவீதம் ஏறட்டும் என்று ஏன் இலக்கு வைக்கிறார்கள்?
கு.

அன்புள்ள கு.,

ஊறாது. எண்ணெய் விலை ஒரு தடவை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், ஓராண்டு கழித்து அந்த ஏற்றம் பணவீக்கக் கணக்கிலிருந்து தானாகவே விழுந்துவிடும். அந்த முதல் ஏற்றத்தை மத்திய வங்கிகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அவர்கள் பயப்படுவது அடுத்த சுற்றுக்குத்தான். விலை இன்னும் ஏறும் என்று நினைக்கிற தொழிலாளி அதையும் சேர்த்துச் சம்பளம் கேட்பார், கேட்பது நியாயம்தான். சம்பளம் கூடப்போகிறது என்று தெரிந்த முதலாளி இன்றைக்கே விலையை ஏற்றிவைப்பார். பிறகு எண்ணெய் மலிந்தாலும் மற்ற விலைகள் இறங்காது. 1970களில் பல நாடுகள் இப்படித்தான் மாட்டிக்கொண்டன.

இந்த எதிர்பார்ப்பைக் கட்டிப்போடத்தான் இலக்கு. விலை இலக்கைத் தாண்டி ஏற வங்கி விடாது என்று மக்கள் நம்பினால், கொஞ்சம் வட்டி ஏற்றமே போதும். நம்பாவிட்டால், வியாபாரம் சுருங்கிப் பல பேருடைய வேலை போகும் அளவுக்கு ஏற்ற வேண்டிவரும்.

வெறும் வாக்குறுதியை யாரும் நம்ப மாட்டார்கள், அல்லவா? அதனால்தான் இலக்கு எவ்வளவு என்று பகிரங்கமாகச் சொல்கிறார்கள். முதலில் செய்தது நியூசிலாந்து: 1990இல், 0 முதல் 2 சதவீதம் என்று. 1992இல் பிரிட்டனும் சேர்ந்தது. பிரிட்டன் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பணவீக்கம் இலக்கிலிருந்து 1 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால், ஏன் விலகியது, என்ன செய்யப்போகிறோம், எப்போது சரியாகும் என்று வங்கியின் ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். பணவீக்கம் 3.1 சதவீதத்தைத் தொட்டபோது, 2007 ஏப்ரலில், அப்போதைய ஆளுநர் மெர்வின் கிங் அப்படி முதல் கடிதத்தை எழுதினார். அதிகாரம் உள்ளவர்கள் இப்படி எழுத்தில் பதில் சொல்வதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, பூஜ்யம் ஏன் இல்லை? பணவீக்கம் பூஜ்யத்தில் இருந்தால் சின்னச் சறுக்கலிலும் விலைகள் விழத் தொடங்கும். விலையும் சம்பளமும் விழுந்தாலும் கடன் மட்டும் குறையாது. அப்போது வட்டியும் ஏற்கெனவே தரைமட்டத்தில் இருக்கும் என்பதால், மந்தம் வந்தால் குறைக்க இடமிருக்காது. மற்றபடி 2 என்பது வேதவாக்கு இல்லை. 4 சதவீதமாக வைத்தால் என்ன என்று பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார் 2010இல் கேட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கிற கோபம் எனக்கும் உண்டு. 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதம். எரிவாயு, உணவு என்று அதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. ஆனால் வட்டி ஏற்றத்தைச் சுமந்தவர்கள் வீட்டுக்கடன்காரர்கள். அந்தச் சுமையைப் பகிர்ந்துகொடுக்க மத்திய வங்கியால் முடியாது. அதன் கையில் இருக்கும் முக்கியக் கருவி வட்டி ஒன்றுதான். சுமையைப் பகிர்ந்துகொடுக்க வேண்டியது வரியும் மானியமும் கையில் வைத்திருக்கும் அரசாங்கம். இந்தக் கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.