கப்பல் கேசினோவில் உட்காரும் முன் மேசைத் துணியைப் படியுங்கள்

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். அட்லாண்டாவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு டிசம்பரில் மயாமியிலிருந்து ஏழு இரவு கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். ஒரு நாளாவது கப்பல் கேசினோவில் பிளாக்ஜாக் ஆடிப் பார்க்க ஆசை. 21-ஐத் தாண்டக் கூடாது என்ற அளவுக்கு ஆட்டம் தெரியும். ஆனால் மேசையில் ஏடாகூடமாக எதையாவது செய்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் திட்டு வாங்குவேனோ என்று பயமாக இருக்கிறது. இங்கே ஒரு டிராவல் ஏஜென்ட், 25 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 200 டாலர் இலவசச் சிப்புடன் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லை) 'விஐபி கேசினோ பேக்கேஜ்' தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் வங்கியில் இருந்தவர், கணக்கு உங்களுக்கே தெரியும். 25 ஆயிரம் ரூபாய்க்கு 200 டாலர் என்றால், தெருமுனைப் பணமாற்றுக் கடையில் இதைவிட நல்ல விலை கிடைக்குமே. அதிலும் அந்த 200 டாலர் 'ஃப்ரீ ப்ளே' என்ற வகையாக இருந்தால், அதைப் பெரும்பாலும் ஸ்லாட் மெஷினில் மட்டுமே போட முடியும். பிளாக்ஜாக் மேசையில் செல்லாது, ரொக்கமாகவும் மாற்ற முடியாது.

கப்பல் கம்பெனிகள் நிஜமாகவே கேசினோ சலுகைகள் தருகின்றன, அதை மறுக்கவில்லை. கார்னிவலுக்குப் பிளேயர்ஸ் கிளப், ராயல் கரீபியனுக்குக் கிளப் ராயல், நார்வீஜியனுக்குக் கேசினோஸ் அட் சீ என்று தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. சேரக் கட்டணம் கிடையாது. உங்கள் அறைச் சாவி அட்டைதான் உறுப்பினர் அட்டை. உட்கார்ந்ததும் அதை டீலரிடம் (கேசினோ சார்பில் சீட்டுப் போட்டு உங்களுக்கு எதிராக ஆடும் ஊழியர்) காட்டினால் நீங்கள் ஆடும் அளவைக் குறித்துக்கொள்வார்கள், அடுத்த பயணத்துக்கான சலுகை உங்கள் மின்னஞ்சலுக்கு நேராக வரும். அந்தச் சலுகை ஆளின் பெயருக்கு வருவது, பொதுவாக இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆகவே முன்பின் கேசினோ பக்கமே போகாத உங்களுக்கு ஒருவர் விஐபி சலுகை விற்கிறார் என்றால், அது வேறொருவர் பெயரில் வந்ததாக இருக்க வேண்டும், அல்லது அவர் கற்பனையில் உதித்ததாக இருக்க வேண்டும். கப்பலில் ஏறியபின் கவுன்ட்டரில் நின்று சண்டை போட ஏஜென்ட் கூட வரப்போவதில்லை. டெலிகிராமில் 'சீட்டு எண்ணும் ரகசியம்' (போன சீட்டுகளை வைத்து வரப்போவதைக் கணிக்கும் வித்தை) விற்கும் கோச்சிங் ஆசாமிகளும் இதே ரகம்தான். பல கப்பல் மேசைகளில் ஆடி முடித்த சீட்டு உடனுக்குடன் கலைக்கும் இயந்திரத்துக்குள் திரும்பிப் போய்விடும். அங்கே எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பணம் கட்டும் முன் இன்னொன்று. பேரப்பிள்ளைகளுக்காக உங்கள் மகன் டிஸ்னி கப்பலில் பதிவு செய்திருந்தால், அந்தக் கம்பெனிக் கப்பல்களில் கேசினோவே கிடையாது. கப்பல் பெயரை முதலில் கேளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். மரியாதையைப் பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது துணியில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றி. பச்சையோ நீலமோ, மேசை விரிப்பின் நடுவில் வளைவாக ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும்: 'பிளாக்ஜாக் பேஸ் 3 டு 2' அல்லது 'பிளாக்ஜாக் பேஸ் 6 டு 5'. முதல் இரண்டு சீட்டிலேயே ஓர் ஆசும் (ஏஸ்) ஒரு பத்தும் (ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்துதான்) விழுந்தால் அது பிளாக்ஜாக். 20 டாலர் கட்டியிருந்தால் முதல் வகை மேசையில் 30 டாலர் கிடைக்கும், இரண்டாவதில் 24. ஆறு டாலர்தானே என்று தோன்றும். சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு முறை பிளாக்ஜாக் விழும். மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்தால் மூன்று முறைக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 17 டாலர் உங்கள் பையிலிருந்து சத்தமில்லாமல் போகிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில், சீட்டுக்குச் சீட்டு சரியாக ஆடுபவரிடமிருந்து கேசினோ எடுப்பது நூற்றுக்கு அரை டாலரை ஒட்டித்தான். 6-க்கு-5 மேசையில் அது இரண்டு டாலரை நெருங்குகிறது. அரிசி விலையை ஏற்றாமல் எடைக்கல்லைக் குறைத்த கடை மாதிரிதான் இது. குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்பதைக் கொட்டை எழுத்தில் பலகையில் வைப்பார்கள், இந்த வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கப்பலில் 6-க்கு-5 மேசைதான் அதிகம். 3-க்கு-2 மேசை இருந்தால் பெரும்பாலும் குறைந்தபட்சப் பந்தயம் அதிகமாக இருக்கும். அப்படியானால் என்ன செய்வது? 10 டாலர் மேசையில் ஒரு மணி நேரம் பொழுதுபோக்கிவிட்டு எழுவதென்றால் 6-க்கு-5 பரவாயில்லை, சினிமா டிக்கெட் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு இரவும் அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இன்சூரன்ஸ் என்று ஒன்று கேட்பார்கள். டீலர் தன் முதல் இரண்டு சீட்டில் ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் வைப்பார். அந்தத் திறந்த சீட்டு ஆசாக இருந்தால், பாதித் தொகையைத் தனியாக வைத்து 'அவருக்குப் பிளாக்ஜாக்' என்று பந்தயம் கட்டலாம், அடித்தால் இரண்டு மடங்கு. பேர்தான் இன்சூரன்ஸ். நூறு டாலர் கட்டினால் சராசரியாக ஏழு டாலர் போகும். கையை அசைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய ஆட்டக்காரர்களே இதில் குழம்புகிறார்கள். உங்கள் கையில் பிளாக்ஜாக், டீலரிடம் ஆசு. 3-க்கு-2 மேசையில் டீலர் "ஈவன் மணி?" என்று கேட்பார். ஆம் என்றால் அவருடைய மூடிய சீட்டைப் பார்க்கும் முன்பே 20 டாலருக்கு 20 டாலர் கொடுத்து முடித்துவிடுவார். பத்துப் பேரில் ஒன்பது பேர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கணக்குப்படி வாங்கக் கூடாது. அவருடைய மூடிய சீட்டு 13-க்கு 4 என்ற விகிதத்தில் பத்தாக இருக்கும், அப்போது இருவருக்கும் சமம், உங்களுக்கு ஒன்றும் கிடையாது. மீதி 9 முறை 30 டாலர். 9-ஐ 30-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் சராசரி 20 டாலர் 77 சென்ட். கையில் தரும் 20-ஐவிட அது கொஞ்சம் அதிகம். சரி, இதே கணக்கை 6-க்கு-5 மேசையில் போட்டுப் பாருங்கள். 9-ஐ 24-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் 16 டாலர் 62 சென்ட்தான். அங்கே ஈவன் மணி கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதனால்தான் அந்த மேசைகளில் பொதுவாக அதைக் கொடுப்பதே இல்லை! உங்களுக்கு நஷ்டம் என்னும் இடத்தில் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள், லாபம் என்னும் இடத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்பார்கள். டீலரைக் கோபிக்காதீர்கள், விதியை எழுதியது அவர் அல்ல.

பந்தய வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ஜோடி விழுந்தால் இத்தனை மடங்கு, மூன்று சீட்டு சேர்ந்தால் இத்தனை மடங்கு என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது உங்கள் பயம். மேசை மரியாதையில் பாதிக்கு மேல் கேமராவுக்காக ஏற்பட்டது. கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காது கிடையாது, அதனால் வாயால் சொன்னால் மட்டும் போதாது, கையால் காட்ட வேண்டும். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் உங்கள் சீட்டுக்கு முன்னால் துணியை விரலால் தட்டுங்கள். போதுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து இடவலமாக ஒருமுறை அசைத்துக் காட்டுங்கள். பந்தயத்தை இரட்டிப்பாக்க, அதே தொகைச் சிப்பை முதல் அடுக்கின் பக்கத்தில் வைத்து ஒரு விரல் காட்டுங்கள். மேலே அடுக்கக் கூடாது. ஜோடியை இரண்டு தனி ஆட்டமாகப் பிரிப்பதற்கும் அப்படியே, இரண்டு விரல். இரண்டு பத்தை மட்டும் பிரிக்காதீர்கள், 20 கையில் இருக்கிறது, விடுங்கள்.

உட்காரும்போது ரொக்கத்தை டீலர் கையில் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டார். சீட்டு ஓடாத நேரம் பார்த்துத் துணிமேல் வையுங்கள். அவர் நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து, தொகையை உரக்கச் சொல்வார், பின்னால் நிற்கும் கண்காணிப்பாளர் ஒரு கண் பார்த்துத் தலையசைத்தபின் சிப் உங்கள் பக்கம் வரும். இதெல்லாம் உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். சீட்டு முகம் மேலாகப் போடப்படும் மேசையில் சீட்டைத் தொடவே கூடாது. முதல் சீட்டு கிளம்பியபின் கட்டிய சிப்பையும் தொடக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் வராது. நான் டீலராக நின்ற காலத்தில், சிப் கோணலாக இருக்கிறதே என்று அடுக்கி வைக்கக் கை நீட்டியவர்கள்தான் அதிகம், திருட நினைத்தவர்கள் அல்ல. கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

திட்டு எங்கிருந்து வரும் என்றால், டீலருக்கு முன் கடைசியாக ஆடும் இருக்கையில் நீங்கள் இருந்தால். நீங்கள் ஒரு சீட்டு கூடுதலாக வாங்கி, டீலர் அடுத்ததில் 21 எடுத்துவிட்டால், "டீலரின் சீட்டை எடுத்துக் கெடுத்துவிட்டான்" என்று யாராவது முணுமுணுப்பார்கள். சுத்த மூடநம்பிக்கை. உங்கள் சீட்டு அவர்களைக் கெடுக்கும் அளவுக்கே காப்பாற்றவும் செய்கிறது, காப்பாற்றியதை யாரும் நினைவில் வைப்பதில்லை. புதியவர் நடுவில் அல்லது டீலருக்கு இடப்பக்கம் முதல் இருக்கையில் உட்காருவது நிம்மதி. ஆட்டம் நடுவில் இருந்தால் "சேர்ந்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். கையில் எந்தச் சீட்டுகள் வந்தால் என்ன செய்வது என்று அச்சிட்ட சின்ன அட்டையைப் பெரும்பாலான மேசைகளில் வைத்துக்கொள்ளலாம், வெட்கப்படாமல் பார்த்து ஆடுங்கள். கடற்பயண நாள் மதியத்திலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூட்டம் நெரியும். துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் கேசினோ மூடியிருக்கும். கப்பல் கிளம்பிக் கடலுக்குள் போய்த் திறந்ததும் போனால் பொறுமையான டீலர் கிடைப்பார்.

பணத்தை அறைக் கணக்கில் எழுதி ஆடலாம் என்பார்கள். பல கம்பெனிகள் அதற்கு 3 முதல் 5 சதவீதம் கட்டணம் பிடிக்கின்றன, ஆட்டம் தொடங்கும் முன்பே தோல்வி. ரொக்கம் கொண்டு போங்கள்.

டீலர் தவறாகக் கணக்கிட்டுவிட்டால்? சீட்டை வாரும் முன் சொல்லுங்கள். கண்காணிப்பாளர் வருவார், தேவைப்பட்டால் கேமராவைப் பார்ப்பார்கள். ஆட்டம் தாண்டிவிட்டால் கஷ்டம். அதற்கு மேல் போக வழியும் இல்லை, இதுதான் எனக்கு எரிச்சல். லாஸ் வேகாஸில் கேசினோ ஏமாற்றினால் நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போகலாம். மயாமியிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன, புகாரைக் கேட்பதும் அதே கம்பெனி, தீர்ப்புச் சொல்வதும் அதே கம்பெனி. வழக்குப் போடலாம் என்றால் பயணச்சீட்டு ஒப்பந்தத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்பதைக்கூட அவர்களே எழுதியிருப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒருவர், கப்பலில் வழுக்கி விழுந்ததற்குத் தங்கள் ஊரில் போட்ட வழக்கு, ஃப்ளோரிடாவில்தான் நடக்க வேண்டும் என்று கார்னிவலுக்குச் சாதகமாக 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து 40 டாலருக்காக யார் மயாமிக்குப் போய் வழக்காடுவது? மேசையிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஜெயித்தால் இந்தியாவில் வசிப்பவர் என்ற முறையில் சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு, தோற்றதை அதில் கழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டீலருக்கு அன்பளிப்புக் கொடுக்க விரும்பினால், ஒரு சிப்பை உங்கள் பந்தயத்துக்கு முன்னால் வைத்து அவருக்காக என்று சொல்லலாம், எழும்போது நேராகவும் தரலாம். எழும் முன் சின்னச் சிப்களையெல்லாம் துணியில் தள்ளி "கலர் அப்" என்று சொன்னால் பெரிய சிப்பாக மாற்றித் தருவார். மேசையில் ரொக்கம் தர மாட்டார்கள், கேஷியர் ஜன்னலுக்குத்தான் போக வேண்டும். கடைசி இரவு அங்கே வரிசை நீளும், காலையில் கப்பல் துறைமுகத்தில் இருக்கும்போது ஜன்னல் மூடியிருக்கும். அந்தச் சிப்பைக் கரையில் எந்தக் கேசினோவும் வாங்காது. அதனால் கடைசி நாள் சாயங்காலம், சாப்பாட்டுக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள்.