இணைவு உலைத் துறையை நம்பி மேற்படிப்புக்குப் போகலாமா?

கேள்வி: இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் என் மகள், மேற்படிப்புக்கு, அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் பெற முயலும் அணுக்கரு இணைவுத் துறையில் சேர விரும்புகிறாள். மின்சாரம் கிடைக்க ‘இன்னும் முப்பது ஆண்டுகள்’ என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் துறையை நம்பலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால், உங்கள் மகள் தாம் ஓய்வு பெறுவதற்குள் இணைவு மின்சாரம் பரவலாகிவிடும் என்ற கணக்கில் சேர வேண்டாம்.

2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகம் ஒன்று, லேசர் வழியே 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது. அந்த லேசர்களை இயக்கச் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானதைத் தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை. இணைவை நிகழ்த்திக் காட்டுவது வேறு, மின்நிலையம் நடத்துவது வேறு.

தெற்குப் பிரான்சில் எழும்பிவரும் ஐடெர் என்ற பன்னாட்டுச் சோதனை உலை, பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற மிகு வெப்ப வாயுவை) சூடாக்க 50 மெகாவாட் செலுத்தி 500 மெகாவாட் இணைவு ஆற்றல் பெறுவதற்கானது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. 2025-இல் இயங்கத் தொடங்கும் என்றிருந்த அதன் அட்டவணை, 2024-இல் திருத்தப்பட்டபோது 2034-க்குத் தள்ளிப்போனது; ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம் கலந்த உண்மையான எரிபொருளுக்கு 2039 வரை காத்திருக்க வேண்டும். தாமதத்துக்கான காரணங்களுள் ஒன்றைக் கேட்டால் உங்கள் மகளுக்கு ஆர்வம் கூடும்: வெப்பத் தடுப்புக் கவசத்தின் குளிர்விப்புக் குழாய்களில், பற்றவைத்த இடங்களையொட்டித் தங்கியிருந்த குளோரின் எச்சம் உலோகத்தை அரித்து விரிசல் விடச் செய்திருந்தது. இது பிளாஸ்மா இயற்பியலின் சிக்கலே அன்று, பட்டறைச் சிக்கல்.

அதைவிடக் கடினமானவை இரண்டு உள்ளன. டிரிட்டியத்தின் அரை ஆயுள் (அதில் பாதி சிதைந்துபோகும் காலம்) ஏறத்தாழ 12.3 ஆண்டுகளே என்பதாலும், அது இயற்கையில் மிக அரிது என்பதாலும், உலையைச் சூழ்ந்த, லித்தியம் அடங்கிய உறையான லித்தியப் போர்வையிலேயே அதை விளைவித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட போர்வை எதுவும் முழு அளவில் இன்னும் இயங்கிக் காட்டவில்லை. அடுத்து, இணைவில் வெளிப்படும் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகு ஆற்றல் கொண்ட நியூட்ரான்கள் உலைச் சுவரின் அணுக்களை இடம்பெயர்த்து உலோகத்தை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குகின்றன. அத்தகைய நியூட்ரான்களைக் கொண்டு உலோகங்களைச் சோதிக்கும் கூடம் ஸ்பெயினின் கிரனாடா அருகே இப்போதுதான் உருவாகிவருகிறது. பல ஆண்டுக் கதிர்வீச்சுச் சேதத்தை அறியப் பல ஆண்டுகள் சோதித்தே ஆக வேண்டும் என்பதால், பணத்தைக் கொட்டினாலும் இந்தக் காலத்தைப் பெரிதாகச் சுருக்க முடியாது. சில ஆண்டுகளில் மின்சாரம் தருவதாகச் சொல்லும் தனியார் நிறுவனங்களும், பிளாஸ்மாவைக் கட்டுக்குள் வைக்கும் காந்தத்தில் எவ்வளவு முன்னேறியிருந்தாலும், இந்த இரண்டையும் கடந்தாக வேண்டும்.

எனவே, உலோகவியல், தாழ்வெப்பநிலைப் பொறியியல், மீக்கடத்திக் காந்தங்கள் (மின்தடையற்ற கம்பிச் சுருள்களால் ஆனவை) ஆகியவற்றுள் ஒன்றை அவர் முதன்மைப் பாடமாகக் கொள்ளட்டும். இணைவு அதன் பயன்பாடாக அமையட்டும். இணைவுத் திட்டங்கள் தள்ளிப்போனாலும் விண்வெளி, மருத்துவக் கருவிகள், அணுமின் நிலையங்கள் என அந்தத் திறனுக்கு வேலை இருக்கும். சேர்வதற்கு முன், அந்தக் கல்வி நிறுவனத்தில் மாணவர்கள் தாங்களே கையாளும் சோதனைக் கருவிகள் என்னென்ன உள்ளன என்று வழிகாட்டும் பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள்.