துருப்பிடித்த பைக்கும் தூக்கம் வராத ராத்திரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் ராத்திரி பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் டாக்குமென்டரி ஒன்றாவது பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். துருப்பிடித்துக் கிடந்த வண்டி அரை மணி நேரத்தில் பளபளவென்று வெளியே வருகிறது. நிஜத்திலும் இவ்வளவு சுலபமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் பல மாத வேலை இருக்கிறது. வருஷக்கணக்காக ஓடாத இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு கிக்கரை மிதித்தால் உள்ளே பிஸ்டன் ரிங் உடையும். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் நட்டு போல்ட் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவில் இருக்கும். அதில் நம் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை மழுங்கிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். குரோம் பூச்சும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியும் குரோம் மிக மெல்லிய படலம், அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் பஃப் போட்டுப் போட்டு மேடுபள்ளம் இல்லாமல் ஆக்கிய இரும்பு. அந்த இரும்பில் ஒரு கீறலை விட்டுவைத்தாலும் பூச்சுக்கு மேலே வந்து நிற்கும்.

ஆகவே ஒரு படம் தேறுமா என்று பார்க்க என் வழி சுலபமானது. உடைந்த போல்ட்டையும், இரண்டாம் தடவை பிரித்த கியர்பாக்ஸையும் காட்டுகிறார்களா, அல்லது அந்த இடத்தில் பாட்டைப் போட்டு ஓட்டிவிடுகிறார்களா? பாட்டுப் போட்டு ஓட்டுகிற படத்தை நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். வேலை செய்கிற கையைப் பார்க்கத்தானே உட்கார்ந்தோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் பைக்கர்களைப் பற்றிய படமாகவே பார்க்கிறான். தோல் ஜாக்கெட், கும்பல், அடிதடி என்று ஏதேதோ ஓடுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் புரிகிறது, ஆனால் அந்தப் பிம்பம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1947 ஜூலையில் அமெரிக்காவின் ஹாலிஸ்டர் என்ற சிறு ஊரில் பைக் பந்தயத்துக்குக் கூட்டம் கூடியது, குடித்துவிட்டுக் கலாட்டாவும் செய்தார்கள். காலி பீர் பாட்டில்கள் சுற்றிக் கிடக்க ஒருவர் பைக்கில் சாய்ந்திருக்கும் படத்தை லைஃப் பத்திரிகை போட்டது. அந்தப் பாட்டில்களைக் குவித்து வைத்துத்தான் படம் எடுத்தார்கள் என்று அங்கே நின்றிருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். ஆனால் பைக்கர் என்றாலே ரவுடி என்ற எண்ணம் அதற்குள் ஊன்றிவிட்டது.

லண்டனின் ஏஸ் கஃபே கதையை உங்கள் மகனோடு சேர்ந்து பாருங்கள். 1938ல் சாலையோரக் கடையாகத் தொடங்கி, போரில் குண்டு விழுந்து, 1949ல் திரும்பக் கட்டப்பட்ட இடம். லாரிக்காரர்களும் ராக்கர்ஸ் எனப்பட்ட பைக் இளைஞர்களும் டீ குடிக்க வந்தார்கள். நார்ட்டன் வண்டியின் ஃப்ரேமில் ட்ரையம்ஃப் வண்டியின் இன்ஜினைப் பொருத்தி, ட்ரைட்டன் என்று பெயர் வைத்துத் தாங்களே வண்டி கட்டிய பையன்கள் அவர்கள். ஊரே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த 1962ல் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் அவர்களைச் சர்ச்சுக்கு அழைத்தார். 59 கிளப் என்ற சர்ச் இளைஞர் மன்றத்தில் பைக் பிரிவு அப்படித்தான் பிறந்தது. அவரும் பைக் ஓட்டியவர்தான். 1969ல் மூடிய அந்தக் கஃபே 2001ல் மறுபடி திறந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. பொதுச் சாலையில் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் தொடுவதுதான் அவர்களுக்குப் பெருமை, அதில் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜாக்கெட்டைப் பற்றி இல்லை, வேகத்தைப் பற்றி. அதை மகனிடம் நேராகவே பேசுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு டாக்குமென்டரி சொல்லுங்கள் என்றால்?
– வாசகர், சிவகாசி

பதில்: ‘ஆன் எனி சண்டே’, 1971, இயக்கம் புரூஸ் பிரவுன். நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அதில் பணமும் போட்டு வண்டியும் ஓட்டியிருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்தது மெர்ட் லாவில் என்ற பைக் பந்தய வீரர் வரும் பகுதிதான். 1969ல் அமெரிக்க சாம்பியன் பட்டம் வென்றவர், அடுத்த ஆண்டு அதைக் காப்பாற்றப் போராடுகிறார். பந்தயத்துக்குப் பந்தயம் வண்டி மக்கர் செய்கிறது, பட்டம் கைவிட்டுப் போகிறது, மனுஷன் மறுபடியும் இன்ஜினைப் பிரித்து உட்கார்கிறார். தோற்ற வருஷத்தை இவ்வளவு மரியாதையோடு காட்டிய பைக் படம் வேறு நான் பார்த்ததில்லை.

கேள்வி: தாத்தாவின் 1968 புல்லட் கொட்டகையில் நிற்கிறது. இந்தப் படங்களைப் பார்த்த பிறகு கை துறுதுறுக்கிறது. புது பெயின்ட் அடித்துவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தயவுசெய்து பொறுங்கள். 1955லிருந்து சென்னையில் உருவாகி, இங்கிலாந்தில் கம்பெனியே மூடிய பிறகும் திருவொற்றியூரில் தொடர்ந்து தயாரான வண்டி அது. டேங்கில் கையால் இழுத்த கோடு மங்கலாகவாவது தெரிந்தால் அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். போனால் திரும்ப வராது. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், கழற்றுகிற ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள்.

இன்ஜின் தயாரான பிறகு வெறும் பலத்தைக் காட்டி மிதிக்க வேண்டாம். சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், டீகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக் கொஞ்சம் தாண்ட விடுங்கள், பிறகு லீவரை விட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய 2021ல் விதி வந்திருக்கிறது, ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிற ஆசை இருந்தால், பதிவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.