பதிவு செய்யாத ஹிபா (இஸ்லாமியச் சட்டப்படி கொடுக்கும் தானம்) செல்லுமா?

செல்லும். உங்கள் தந்தை வாய்மொழியாக உங்களுக்கு வீட்டைக் கொடுத்ததை, உங்கள் அண்ணனின் வழக்கறிஞர் சொல்வதுபோல், பதிவுப் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 123ஆம் பிரிவு வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தின் தானத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. 129ஆம் பிரிவு ஹிபாவுக்கு விலக்குத் தருகிறது. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உங்கள் அண்ணனின் வழக்கறிஞர் 123ஐ மட்டும் பார்த்திருக்கக்கூடும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் சுவாதீனம்தான், அதாவது வீடு உங்கள் கைவசம் வந்ததா என்பதுதான். ஷரீஅத்தில் கொடுப்பதாகச் சொல்வது, ஏற்பது, ஒப்படைப்பது மூன்றும் வேண்டும். சாவி யாரிடம் இருந்தது, மாடி வாடகையை யார் வாங்கினார், வீட்டு வரி ரசீது யார் பெயரில் என்று இன்றே தேடுங்கள். தந்தையே கடைசிவரை வாடகை வாங்கியிருந்தால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும்.

மரணப் படுக்கையில் கொடுத்திருந்தால் கணக்கே வேறு. வாரிசான உங்களுக்குக் கொடுத்தது மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் நிற்கும்.