பில்லிங் டேட்டாபேஸைப் புதுப்பிக்கலாமா? கேள்வி பதில்

சிறு கடைகள், பட்டறைகள், கிளினிக்குகளில் பில்லிங் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈரோடு, ஹார்ட்வேர் கடை: சார், எங்கள் பில்லிங் எஸ்க்யூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும்?

நியாயமான கேள்வி. எஸ்க்யூஎல் சர்வர் என்பது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள், எக்ஸ்பிரஸ் அதன் இலவச வகை. 2014 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 ஜூலை 9 அன்று முடிந்துவிட்டது. அதற்காக அது நின்றுவிடாது, பில் போட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இனி அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் வரமாட்டார்கள். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு (தானாகப் பரவும் தீய நிரல்) எஸ்க்யூஎல் சர்வர் 2000 இருந்த கணினிகளைத் தாக்கியது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அதற்கான தீர்வு 2002 ஜூலையிலேயே வந்திருந்தும், போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். உங்கள் பதிப்புக்குத் தீர்வே வராது.

எனவே முதலில் ஒன்றைப் பாருங்கள். வீட்டிலிருந்து விற்பனையைப் பார்க்க வசதியாக ரவுட்டரில் டேட்டாபேஸ் போர்ட்டை (இணையத்திலிருந்து டேட்டாபேஸுக்குள் நுழையும் வழியை)த் திறந்து வைத்திருக்கிறார்களா? திறந்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். கடைக்குள் மட்டும் ஓடுகிறது என்றால் அவசரமில்லை, ஆனால் இந்த வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் இருப்பதால், 20 தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். மார்ச் மாதம் வேண்டவே வேண்டாம்.

அதே வாசகர்: எந்தப் பதிப்புக்குப் போவது?

கடைசியாக வந்ததுதான் நல்லது என்று எடுக்காதீர்கள். பில்லிங் சாஃப்ட்வேர் செய்தவர் எந்தப் பதிப்பில் சோதித்திருக்கிறாரோ அதுதான் உங்களுக்கு. அதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2019 பதிப்புக்கு 2030 ஜனவரி வரையும், 2022-க்கு 2033 ஜனவரி வரையும் ஆதரவு உண்டு. கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் 2014-க்கு மேல் எதுவும் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினி என்றால் கணினி, டேட்டாபேஸ் இரண்டுக்கும் சேர்த்தே செலவுக் கணக்குப் போடுங்கள்.

மதுரை, ஜவுளிக்கடை: டேட்டாபேஸ் 9 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்கிறார் டீலர். வேறு வழி உண்டா?

எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டால் பழைய பில்லைப் பார்க்க முடியும், புதிய பில் பதிவாகாது. தீபாவளி நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் டீலர் எச்சரிப்பது சரி, ஆனால் லைசென்ஸ்தான் ஒரே வழி என்பது சரியல்ல.

முதலில் டேட்டாபேஸுக்குள் எந்த டேபிள் (தரவு அட்டவணை) இடத்தை அடைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல கடைகளில் சேலைப் படங்களும் ஸ்கேன் செய்த கொள்முதல் பில்களும்தான் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றை ஒரு ஃபோல்டரில் வைத்து, டேட்டாபேஸில் பாதையை மட்டும் பதிந்தால் போதும். மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் இந்த 10 ஜிபியில் சேராது, அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அடுத்து, பழைய வருடங்களைத் தனி டேட்டாபேஸாகப் பிரிக்கலாம். அழித்துவிடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். எஸ்க்யூஎல் சர்வர் 2025 எக்ஸ்பிரஸில் வரம்பு 50 ஜிபியாகிவிட்டது. உங்கள் சாஃப்ட்வேர் அதை ஏற்குமானால் லைசென்ஸ் பேச்சுக்கே இடமில்லை.

வேகம் குறைவு என்று 32 ஜிபி ராம் போடச் சொன்னாலும் யோசியுங்கள். 2016 முதலான எக்ஸ்பிரஸ் பதிப்புகள் தரவை நினைவகத்தில் வைக்க ஏறத்தாழ 1.4 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும். மீதி ராம் டேட்டாபேஸுக்குப் பெரிதாக உதவாது.

தஞ்சாவூர், விதை உரக் கடை: அண்ணா, ஆக்சஸிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றினோம். விவசாயிகளின் பெயரெல்லாம் கேள்விக்குறியாக நிற்கிறது. மீட்க முடியுமா?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆக்சஸ் என்பது மைக்ரோசாஃப்டின் சிறிய டேட்டாபேஸ் மென்பொருள். இந்தச் சேதம் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. புதிய டேபிளில் பெயர்ப் பத்தியை (column) வார்கேர் (varchar) வகையாக வைத்திருப்பார்கள், அது எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்கேராக (nvarchar) இருந்திருக்க வேண்டும். யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறியீடு) தமிழ் எழுத்து வார்கேருக்குள் போகும்போது கேள்விக்குறியாகவே பதிவாகிறது. பதிவானதை அங்கிருந்து மீட்க முடியாது. பழைய ஆக்சஸ் ஃபைலை யாரும் தொடாமல் பத்திரப்படுத்துங்கள், அதிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

பழைய ஃபைலில் தமிழ் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். பாமினி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் உள்ளே இருப்பவை யூனிகோடே அல்ல. எந்தப் பதிப்புக்கு மாறினாலும் அவை தானாகத் திருந்தாது, யூனிகோடுக்கு மாற்றும் நிரல் வேண்டும். ‘கொ’ எழுத பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் ‘க’ முதலில், குறி பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய நிரல் இங்கேதான் சொதப்பும். அதனால் கொம்பு வரும் பெயர்களாகப் பார்த்து முதலில் சோதியுங்கள்.

மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றியபின் தமிழுக்குப் பதில் தலையில் குறிகள் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால், லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியீட்டு டேபிளில் யூனிகோட் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பதறிப்போய் மேலே எதையும் எழுதாதீர்கள்.

கோவை, பயிற்சி மையம்: எங்கள் மதிப்பெண் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல் 5.7-ல் இருக்கிறது. நேராக 8.4-க்குத் தாவலாமா?

முடியாது, 8.0 வழியாகத்தான் போக வேண்டும். 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. 8.0-வின் தவணை 2026 ஏப்ரல் வரைதான் என்பதால் அங்கே தங்கிவிடாமல் 8.4 வரை போங்கள். மதிப்பெண் சாஃப்ட்வேர் என்கிறீர்கள், கட்டாயம் ‘ரேங்க்’ என்ற பெயரில் ஒரு பத்தி இருக்கும். 8.0-வில் அந்தச் சொல்லை மைஎஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிக்கொண்டது, அதை மேற்கோள்குறிக்குள் வைக்காத வினவல்களெல்லாம் (தரவைக் கேட்கும் கட்டளைகள்) உடையும். சாஃப்ட்வேர் பழைய பிஹெச்பி (PHP) நிரல்மொழியில் எழுதியது என்றால் கடவுச்சொல் முறை மாறியதால் உள்ளே நுழையவே முடியாமல் போகலாம். மைஎஸ்க்யூஎல் ஷெல் என்ற துணை நிரலில் ஒரு சரிபார்ப்புக் கருவி இருக்கிறது, மாற்றும் முன் அதை ஓட்டிப் பாருங்கள்.

சேலம், பிரைவேட் லிமிடெட் நிறுவனம்: ஆடிட்டர் எடிட் லாக் வேண்டும் என்கிறார். டேட்டாபேஸை மாற்றணுமா?

அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை மேடம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தத் தடம் (அதாவது எடிட் லாக்) பதிய வேண்டும் என்பது விதி. முதலில் சாஃப்ட்வேர்காரரைக் கேளுங்கள். யாராவது டேட்டாபேஸில் நேராகக் கை வைத்தால் அதுவும் பதியுமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

நெல்லை, மளிகை மொத்த வியாபாரம்: நாளை மறுநாள் மாற்ற ஆள் வருகிறார். நான் என்ன கவனிக்க?

அண்ணாச்சி, அவர் வந்ததும் ஒரே ஒரு வேலை கொடுங்கள். நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் ரெஸ்டோர் செய்து, சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு பில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது நடக்காமல் எதையும் தொட விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலைப் பென்டிரைவில் நகலெடுப்பது பேக்கப் ஆகாது. எக்ஸ்பிரஸில் தானாகப் பேக்கப் எடுக்கும் ஏஜென்ட்டும் இல்லை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறவே ஏறாது. பின்வாங்க வேண்டுமானால் பழைய பேக்கப்பைப் போட்டு, இடையில் போட்ட பில்களையெல்லாம் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். எனவே அதே கணினியில் மேலேயே ஏற்றாமல், இன்னொரு கணினியில் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். கம்பேட்டிபிலிட்டி லெவலை (எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பை) முதல் மாதம் பழையபடியே விடட்டும், அறிக்கைகள் திடீரென்று மந்தமாவது குறையும்.

அப்புறம், மாற்றும் முன்பே மூன்றை அச்செடுத்து வையுங்கள்: மொத்த ஸ்டாக் மதிப்பு, பார்ட்டிவாரி பாக்கி, கடைசி பில் எண். மாற்றியபின் மூன்றும் அப்படியே வர வேண்டும். ஒன்று பிசகினாலும் அன்றைய வியாபாரத்தைப் பழைய கணினியிலேயே நடத்துங்கள், காரணத்தைச் சாயங்காலம் தேடிக்கொள்ளலாம்.