ஆன்டிபயாட்டிக் குடிக்கும் பிள்ளைக்குத் தயிரும் நீராகாரமும் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. காது வலிக்குக் கிளினிக்கில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் நாலைந்து தடவை வயிற்றால் போகிறது. காய்ச்சல் இல்லை, விளையாடுகிறான். தயிரும் பழைய சோற்று நீராகாரமும் கொடுத்தால் கெட்ட கிருமி செத்துவிடும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரர் யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தை வாங்கச் சொல்கிறார். மதியம் மிஞ்சிய சோற்றைத்தான் இரவு ஊற வைக்கிறோம். சில நாள் காலையில் கொழகொழவென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தயிர் தாராளமாகக் கொடுங்கள். அந்த நீராகாரத்தை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

இந்த சிரப் காதுக் கிருமியோடு குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கிறது. அதிலுள்ள கிளாவுலனேட் குடலின் அசைவையும் வேகப்படுத்தும். வயிற்றால் போவது அதனால்தான். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். காதுத் தொற்றுக்கான சிகிச்சை பாதியில் நின்றுவிடும். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு சிரப்பைக் கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும்.

முதலில் உடம்பில் நீர் குறையக்கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைக் கரைசல் 100 முதல் 200 மில்லி, சிறுகச் சிறுகக் குடிக்கட்டும். சில பாக்கெட்டை 250 மில்லி நீரில் கரைக்க வேண்டும், சிலவற்றை 1 லிட்டரில். உறையில் உள்ளதைப் படித்துவிட்டுக் கரையுங்கள். அதற்குப் பதிலாக ‘100 பிளஸ்’ என்ற பானத்தைக் கொடுக்காதீர்கள். அதில் உப்பு போதாது, சர்க்கரை அதிகம். சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து இன்னும் போக வைக்கும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, குழிந்த கண், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, சோர்ந்து தூங்கியே கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து முடிந்து சில வாரம் கழித்துக் கடுமையாக வயிற்றால் போனாலும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தயிர் கெட்ட கிருமியைக் கொல்லுமா? சட்டிக்குள் நடப்பது வேறு, வயிற்றுக்குள் நடப்பது வேறு. பாலிலுள்ள சர்க்கரையைத் தயிர் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கும்போது, 6.6 அளவிலிருந்த பாலின் பிஎச் 4.5 பக்கம் இறங்குகிறது (பிஎச் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்தப் புளிப்பு கெட்ட கிருமியின் உள்ளே புகுந்து அதைப் பெருகவிடாமல் முடக்குகிறது. சில லாக்டிக் பாக்டீரியா தனி ஆயுதமும் வைத்திருக்கின்றன. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நைசின் என்ற பொருள் லிஸ்டீரியா போன்ற கிருமியைத் துளைத்துக் கொல்லும். சீஸ் கெடாமலிருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஈ.கோலை என்ற குடல் கிருமி மீது தனி நைசின் அவ்வளவாக எடுபடாது. சில ஈ.கோலை வகைகள் புளிப்பிலேயே நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பச்சைப் பாலில் உறை ஊற்றினால் புளிப்பு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

வயிற்றுக்குள் போனதும் இரைப்பை அமிலத்தில் பெரும்பங்கு பாக்டீரியா அழிந்துவிடும். தப்பியவையும் சில நாள் தங்கிப் போய்விடும். அதனால்தான் தினமும் சாப்பிடச் சொல்கிறோம். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்க நல்ல சான்று இருப்பது லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற இரண்டு நுண்ணுயிர்களுக்கு. பின்னது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. பார்மசியில் கிடைக்கும், வயதைச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்கு இவை கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். 2018-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வுகள் இரண்டிலும் வாந்தி பேதி கண்ட குழந்தைகளுக்குப் புரோபயாடிக் (இப்படி உயிரோடு கொடுக்கும் நல்ல நுண்ணுயிர்) பலன் தரவில்லை. யாகுல்ட்டால் கெடுதல் இல்லை. இனிப்பு இருப்பதால் நாளுக்கு ஒரு பாட்டிலோடு நிறுத்துங்கள்.

வீட்டுத் தயிருக்கு, பால்காரர் பாலானாலும் நன்றாகப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து, 1 லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி உறை ஊற்றுங்கள். நம் ஊர் வெக்கைக்கு 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். உடனே ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மகனுக்கு அரை கப், நாளுக்கு இரண்டு வேளை, சிரப் குடித்து 2 மணி நேரம் கழித்து. மோர்க்குழம்பாகக் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். இட்லி தோசையும் அப்படியே. நல்ல உணவுதான், உயிருள்ள பாக்டீரியாவுக்கு அதை நம்பக்கூடாது.

இனி உங்கள் சோறு. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. மதியச் சோறு இரவுவரை வெதுவெதுப்பாகச் சட்டியில் கிடந்தால் முளைத்து, நஞ்சைச் சுரக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. இரவில் ஊற்றும் தண்ணீர் புளிக்கத் தொடங்குவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. இதில் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரவுச் சோற்றை வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, கொதித்து ஆறிய நீரில் மூழ்க வைத்து, கரண்டி மோர் ஊற்றி மூடுங்கள். மோர் சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். 8 முதல் 10 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். உப்பைச் சாப்பிடும்போது போடலாம்.

இலேசான புளிப்பு வாசம் சரி. நூல் விட்டால், கொழகொழத்தால், நிறம் மாறிய புள்ளி தெரிந்தால் சட்டியோடு கொட்டுங்கள். கழுவிச் சாப்பிடக் கூடாது. கெட்டது எப்போதும் வாசத்தில் தெரியாது, அதனால் நேரம் தவறிய சோறு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். பழைய சோறு சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் யாராவது வாந்தி எடுத்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்து முடிந்து, மலம் பழையபடி கெட்டியான பிறகு, இப்படிச் செய்த நீராகாரத்தை மகனுக்கு அரை டம்ளரில் தொடங்கலாம்.